உத்தரவு கேட்காத பிரசங்கி



மார்கழி பிறந்தால் வெசாக் வரைக்கும் மலையடிவாரத்து நல்லதண்ணியில் யாத்திரிகர் கூட்டம்தான். சிவனொளிபாதமலை என்று கும்பிடுகிறவர்களும், ஸ்ரீபாத என்று வணங்குகிறவர்களும், பாவா ஆதம் மலை என்று வருகிறவர்களும் ஒரே படிக்கட்டில்தான் ஏறுகிறார்கள். மலையேறுகிறவர்களின் களைப்பையும் பக்தியையும் நாளும் பார்க்கிற உங்களுக்கு, முதுகில் மூட்டையோடு புறப்பட்ட ஒரு யாத்திரிகனின் கதையை எழுதியவரைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன். அவர் பெயர் ஜான் பனியன்.

1628இல் இங்கிலாந்தில், பெட்ஃபர்ட் நகருக்குப் பக்கத்திலுள்ள எல்ஸ்டோ கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் ஓட்டைப் பாத்திரம் அடைக்கிறவர். மகனுக்கும் அதே தொழில். பெரிய படிப்பில்லை. ஆனாலும் அவர் வேதத்தைப் பேசினால் சனம் திரண்டது. அரச திருச்சபைக்கு வெளியே சபை கூடுவது அன்று குற்றம். 1660 நவம்பரில் அவரைப் பிடித்தார்கள். இனிப் பிரசங்கம் செய்வதில்லை என்று வாக்குக் கொடுத்தால் வீட்டுக்குப் போகலாம். கொடுக்க மறுத்தார். 12 வருடம் சிறையில் கிடந்தார்.

அவருடைய மனைவி எலிசபெத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. மூத்த தாரத்தின் பிள்ளைகள் நான்கு பேர். அதில் மேரிக்குக் கண் தெரியாது. கணவரைப் பிடித்துப் போன அதிர்ச்சியில் தன் வயிற்றுப் பிள்ளையையும் பறிகொடுத்தவர் அவர். 1661இல் நீதிபதிகளின் முன்னால் போய் நின்றார். உன் புருஷன் பிரசங்கத்தை விடுவானா என்று கேட்டார்கள். பேச முடிகிற வரைக்கும் விடமாட்டார் என்றார். பாத்திரம் அடைக்கிற ஏழை என்பதால்தான் அவருக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பேச்சின் சூடு தெரியும்.

பனியன் சிறையில் கயிறு முடைந்து, முனையில் தகடு பொருத்தி விற்கக் கொடுத்துக் குடும்பத்தைப் பார்த்தார். அங்கேயே எழுதவும் செய்தார். 1672இல் விடுதலை. 1678இல் வந்தது அந்த யாத்திரிகன் கதை. பத்து வருடம் கழித்து, பிரிந்திருந்த ஒரு தகப்பனையும் மகனையும் சேர்த்துவைத்துவிட்டு, கொட்டும் மழையில் குதிரையில் லண்டன் போனார். காய்ச்சலில் விழுந்து, 1688 ஆகஸ்ட் 31இல் கண்மூடினார்.

அவருடைய யாத்திரிகன் கதை தமிழில் காவியமாகவே இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, அதைத் தழுவி மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடினார். நூல் 1894இல் வெளிவந்தது. மதம் மாறியும் கம்பனை அவர் விடவில்லை. பாட்டுக்குப் பாட்டு அந்த ஓசை கேட்கும். பனியனின் சந்தைப் பேச்சு இதில் இல்லை என்பது எனக்குக் குறைதான். ஆனாலும் அந்த யாத்திரிகனை நம் செய்யுளில் நடக்கவைத்தது பெரிய காரியம்.

நூல் கையில் கிடைத்தால் ஒரு படலத்தையாவது வாய்விட்டுப் படியுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.