பிள்ளைகளின் உள்ளம் உடையாதிருக்க



பிள்ளைகளுக்கு எரிச்சல் மூட்ட வேண்டாம் என்று தூய பவுல் பெற்றோருக்கு அறிவுரை கூறுகிறார் (கொலோ 3:21). அவர்கள் உள்ளம் உடைந்துபோகும் என்பதே அவருடைய கவலை.

அந்த உடைவு எங்கே கொண்டுபோய் விடும்? 1990-களில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 17,000-க்கும் மேற்பட்டோரிடம் அவர்களுடைய சிறுவயதைப் பற்றிக் கேட்டறிந்தார்கள். அடி, இழிசொல், பாலியல் கொடுமை, தாய் அடிபடுவதைக் காண்பது போன்றவற்றில் எதை அனுபவித்திருந்தாலும், தற்கொலைக்கு முயலும் ஆபத்து 2 முதல் 5 மடங்கு கூடியிருந்தது. பதின்பருவத்தில் நடந்த முயற்சிகளிலும் இதே தொடர்பு தெரிந்தது. நம் நாட்டிலோ, மூன்றில் இரண்டு குழந்தைகள் அடி உதைக்கு ஆளாகிறார்கள் என்று 2007-இல் நடுவண் அரசு வெளியிட்ட ஆய்வு கூறியது.

'அடியாத மாடு படியாது' என்கிறோம். பிள்ளை மாடு அல்ல. அடிபட்டு வளரும் பிள்ளை பெரும்பாலும் அடித்தவரை வெறுப்பதில்லை, தன்னையே வெறுக்கிறது. 'நான் கெட்டவன், வீட்டுக்குப் பாரம்' என்ற எண்ணம் உள்ளே வேர்விடுகிறது. பின்னர் தேர்வில் மதிப்பெண் குறையும்போது, ஊர் அதை மட்டுமே காரணமாகச் சொல்கிறது. புண்ணோ பழையது.

அடிபட்ட எல்லாப் பிள்ளைகளும் இந்த முடிவுக்கு வருவதில்லை. பிள்ளையை இழந்த வீட்டை நோக்கி நாம் விரல் நீட்டவும் வேண்டாம், காரணங்கள் பல. இறந்தவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றே திருச்சபை நமக்குக் கற்பிக்கிறது.

இயேசு ஒரு சிறு பிள்ளையைச் சீடர்கள் நடுவே நிறுத்தி அணைத்துக்கொண்டார் (மாற் 9:36). அன்பியத்திலும் மறைக்கல்வி வகுப்பிலும் ஓரமாய் ஒதுங்கும் பிள்ளையை நாமும் நடுவே அழைப்போம். 'செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?' என்று கனிவோடு நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. உள்ளத்துச் சுமையை இறக்கிவைக்க வழி பிறக்கும். சொல்வதை நம்புவோம். தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். செபமும் வேண்டும், மருத்துவமும் வேண்டும். கொடுமையைக் குடும்ப மானம் என்று மூடி மறைக்க வேண்டாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098; மனநல உதவிக்கு 14416. இரண்டும் கட்டணமில்லாதவை.

திருமுழுக்கு நாளில் பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்த கை நம்முடையது. இன்றிரவு அது ஓங்க வேண்டாம். உறங்கப்போகும் பிள்ளையின் நெற்றியில் மீண்டும் சிலுவை வரையட்டும்.

ஆமென்.