மடி என்றால் என்ன?

(சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெங்களூரில் வீட்டு வேலைக்குப் போகும் நம் தாய்மார்களுக்கு நன்றாகத் தெரிந்த சொல் ஒன்று உண்டு. ‘மடி’ என்பதுதான் அந்தச் சொல். “மடியாய் இருக்கிறேன், மேலே படாதே!” என்ற குரலை எத்தனை சமையலறை வாசலில் கேட்டிருக்கிறீர்கள்! குளித்து, பிறர் கை படாத துணியை உடுத்தி, பூசை முடியும்வரை யாரையும் தொடாமல் இருக்கும் கடும் ஆசாரத்துக்குத்தான் மடி என்று பெயர்.

இந்தச் சொல் வேதத்திலிருந்து வந்ததா? இல்லை. வள்ளுவர் ‘மடியின்மை’ என்று அதிகாரம் வைத்தாரே, அந்த மடி சோம்பல், அது வேறு. இந்த மடி கன்னடத்திலும் தெலுங்கிலும் வழங்கும் திராவிடச் சொல். கன்னடத்தில் மடி என்றால் சுத்தம். வெளுத்த துணிக்கும் அதே பெயர். துணி வெளுப்பவர் மடிவாளர்.

வேடிக்கையைப் பார்த்தீர்களா? ஊர் அழுக்கைத் தன் கையால் போக்கியவரின் பெயரிலேயே மடி இருக்கிறது. ஆனால் அவர் தொட்டால் மடி போய்விடுமாம்! அவர் வெளுத்த துணியையும் மறுபடி நனைத்து உலர்த்தினால்தான் மடியாம்! சுத்தம் செய்தவர் அசுத்தம், உட்கார்ந்து உடுத்தியவர் சுத்தம். இது என்ன நியாயம் என்று கேட்கிறேன்.

இதே கன்னட மண்ணில், 12ஆம் நூற்றாண்டில், பசவண்ணரோடு நின்ற சரணர்களில் ஒருவர் மடிவாள மாச்சய்யா. துணி வெளுத்தவர், வசனங்கள் இயற்றியவர். உழைப்பே வழிபாடு என்றது அந்த இயக்கம்.

பிறரைச் சொன்னது போதும். நம் முதுகையும் பார்ப்போம். தமிழ்நாட்டில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணாரை, அந்த மக்களுக்கும் கீழே வைத்தது யார்? நம் சமூகம்தானே! அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு 1950லேயே தீண்டாமையை ஒழித்தது. ஆனால் புதிரை வண்ணாருக்கென ஒரு நல வாரியம் அமைய 2009 ஆகிவிட்டது. பிழைக்க ஊரைவிட்டு மூட்டை கட்டி வந்தபோது, இந்தப் பழக்கத்தையும் சேர்த்தா கட்டிக்கொண்டு வந்தோம்?

தாய்மார்களே! அடுத்த முறை ‘மடி’ என்ற சொல் காதில் விழுந்தால் தலை குனியாதீர்கள். அது உழைக்கும் கையோடு ஒட்டிய சொல். அதேபோல், நம் வீட்டில் சலவைக்காரருக்கோ துப்புரவுத் தொழிலாளிக்கோ தனித் தம்ளர் வைத்திருந்தால், இன்றிரவே அதைத் தூக்கி எறியுங்கள். நாம் குடிக்கும் தம்ளரிலேயே அவர்களுக்கும் கொடுங்கள். பிறகுதான் அடுத்தவர் வீட்டு வாசலில் நியாயம் கேட்க நமக்கு வாய் உண்டு.