டிக்கெட் விற்பவரும் வேலைக்கு அனுப்புபவரும்



விழுப்புரம், திண்டிவனம் கடைத்தெருவில் 'ஏர் டிக்கெட்' போர்டு பார்க்கிறோம். எல்லாருக்கும் 'ஐயாட்டா' அங்கீகாரம் உண்டா? 1945-ல் ஹவானாவில் தொடங்கிய விமான நிறுவனங்களின் சங்கம் அது. கணக்கு வழக்கைப் பார்த்து, பெரும்பாலும் வங்கி உத்தரவாதமும் வாங்கிக்கொண்டுதான் எண் கொடுக்கும். ஏனென்றால், வசூலாகும் பணம் விமானக் கம்பெனியுடையது. ஏஜெண்ட் குறித்த நாளில் கட்டியாக வேண்டும். எண் இல்லாதவர் எண் உள்ளவரிடம் வாங்கி விற்பார். அது தப்பில்லீங்க.

ஆனா, டிக்கெட் விற்கும் எண் வேறு, துபாய்க்கு வேலைக்கு ஆள் அனுப்பும் அனுமதி வேறு. அதற்கு 1983-ஆம் வருட குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசில் பதிவு வேண்டும். நம்ம ஊர்ப் பிள்ளைகள் நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டுமுன், அந்தப் பதிவு எண்ணைக் கேட்டு, அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் சரிபார்க்கச் சொல்லுங்கள்.