குழந்தையைப் பேணுவதும் ஒரு படிப்பே

(யூபிலி ஆண்டு மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

பிறர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதையே பிழைப்பாகக் கொண்ட பெண்கள் நம் பங்கில் பலர் உண்டு. மழலையர் பள்ளிகளிலும், பால்வாடிகளிலும், வேலைக்குப் போகும் தாய்மாரின் வீடுகளிலும் அவர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் ஐந்து பேராகிய நாங்கள், இத்தொழிலுக்குரிய பட்டயப் படிப்பை அஞ்சல் வழியில் கூடிப் படித்தோம். அதைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

“பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் ஒரு படிப்பா?” என்று எங்களைக் கேட்காதவர் இல்லை. நியாயமான கேள்விதான். நம் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் முற்றத்தைச் சுற்றி அப்பத்தா, ஆயா, ஐயா, சின்னம்மா என்று எல்லாரும் இருந்த காலத்தில், ஒரு பிள்ளையைத் தாங்கப் பத்துக் கைகள் இருந்தன. அங்கே படிப்புக்கு அவசியம் எழவில்லை. இன்றோ தாய் பலகாரக் கூடத்துக்கோ, கடைக்கோ, அலுவலகத்துக்கோ போகிறாள். பத்து வீட்டுப் பிள்ளைகள் ஒரே பெண்ணின் கையில் விடப்படுகிறார்கள். தன் பேரப்பிள்ளையை வளர்த்த அனுபவம் மட்டும் இதற்குப் போதுமா? ஒருவன் கடிக்கிறான், ஒருத்தி பேசவே மாட்டேன் என்கிறாள், மற்றொருவனுக்கு வயிற்றுப்போக்கு. மூவரையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். அதற்குத்தான் படிப்பு.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் ஊர் நகரத்தார் வீடுகளில் ‘ஆயா’ என்றால் தாயைப் பெற்ற பாட்டி. மடியில் அமர்ந்து கதை கேட்கும் உறவு அது. பள்ளிக்கூடத்திலோ ‘ஆயா’ என்றால் பெருக்குபவள், கால் கழுவிவிடுபவள், சம்பளப் பட்டியலில் கடைசிப் பெயர். இந்தச் சொல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்தது என்பர். பிள்ளைக்கு இருவருமே ஆயாதான். பெரியவர்களாகிய நாம்தான் ஒருத்தியைத் திண்ணையிலும் ஒருத்தியை வாசலிலும் வைத்துவிட்டோம்.

உலகம் இவ்வேலையை மதிக்கத் தொடங்கி நெடுநாளாயிற்று. மாண்டிசோரி அம்மையார் 1907-இல் ரோம் நகரில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது, வேலைக்குச் சென்ற ஏழைப் பெற்றோரின் பிள்ளைகளுக்காகவே. அவர் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். போர்க்காலத்தில் நம் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1982 ஜூலை முதல் தமிழ்நாட்டுக் குழந்தைகள் மையங்களில் சத்துணவும் சேர்ந்தது. ஆயினும் பயிற்சி என்றால் ஊரைவிட்டு மாதக்கணக்கில் தங்க வேண்டும் என்ற நிலையில், கைப்பிள்ளைக்காரி எப்படிப் போவாள்?

அஞ்சல் வழிக் கல்வி நம் பக்கத்துக்குப் புதிதன்று. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலேயே அதைத் தொடங்கியது. நம் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகமும் அவ்வழியில் பலரைப் பட்டதாரிகள் ஆக்கியிருக்கிறது. நாங்கள் படித்தது, 1985-இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு, கல்விப் பட்டயம். பிளஸ் டூ தேறியவர்கள் சேரலாம். குழந்தை நல மையங்களை நடத்துதல், குழந்தையின் உடல்நலமும் ஊட்டமும், குழந்தைகளுக்கான திட்டங்கள் என மூன்று பாடங்களும், ஒரு செய்முறைத் திட்டப்பணியும் உண்டு. மொத்தம் 32 மதிப்பலகுகள். ஒன்றுக்கு 30 மணி நேரம் என்றால் 960 மணி நேரம். நாள்தோறும் ஒன்றரை மணி ஒதுக்கினால் ஏறத்தாழ இருபத்தொரு மாதம். ஓராண்டில் முடியாதவர்களுக்குக் கூடுதல் காலமும் தருகிறார்கள்.

அந்த ஒன்றரை மணியைத் தேடுவதே பெரும்பாடு. பாத்திரம் கழுவி, பிள்ளைகளை உறங்கவைத்த பின்பே புத்தகம் விரியும். ஞாயிறுதோறும் பூசைக்குப் பிறகு கூடி, ஒருத்தி உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டோம். புரியாத இடத்தில், எங்கள் கையில் வளரும் பிள்ளைகளையே எண்ணிப் பார்த்தோம்.

கற்றவை எவை? பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைப்பதும், குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும் பாசத்தால் செய்வன என்றாலும் கேடானவை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும். வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்கு, ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டி, உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். விளையாட்டே பிள்ளையின் படிப்பு. அதற்கு விலை உயர்ந்த பொம்மை வேண்டியதில்லை. திட்டப்பணிக்காக, நம் ஊர்ப் பனையோலைக் கொட்டான்களை வரிசையாக வைத்து, நிறம் பார்த்துத் துணித் துண்டுகளைப் பிரித்துப் போடும் விளையாட்டை அமைத்தோம். புளியங்கொட்டையும் சோழியும் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் கைக்கு எட்டக் கூடாது. தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

புத்தகம் மட்டும் போதாது என்பதையும் கண்டோம். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், அங்கன்வாடி ஊழியர்க்கான பயிற்சியைத் தொலைக்காட்சி, கைப்பேசி வழியாக நடத்தலாம் என்று கூறும்போதே, மாதம் ஒரு நேர்முக வகுப்பேனும் வேண்டும் என்கிறது. அழும் பிள்ளையைத் தூக்கும் பக்குவம் தபாலில் வருமா?

சேர விரும்பும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பாடநூல் எம்மொழியில் கிடைக்கும், கட்டணம் எவ்வளவு, நீங்கள் நாடும் வேலைக்கு அப்பட்டயம் ஏற்கப்படுமா என்பவற்றை மதுரை மண்டல மையத்தில் முன்னரே கேட்டறியுங்கள். அங்கீகாரம் இல்லாத நிறுவனங்களில் பணம் கட்டாதீர்கள். பத்தாவதோடு நின்றவர்கள் தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதிவிட்டு வரலாம்.

நிறைவாக ஒன்று. ஐவரில் நால்வரே தேர்வு எழுதினோம். ஐந்தாமவள் எங்களைவிட நன்றாகப் படித்தவள். தேர்வன்று விடியற்காலையில் பேருந்து ஏற வேண்டும். அவளுடைய இரண்டு வயது மகளுக்குக் காய்ச்சல், பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. ஊர்ப் பிள்ளைகளைப் பார்ப்பவளின் பிள்ளையைப் பார்க்க ஊரில் ஒருவர் இல்லை. இதை யாரையும் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை.

யூபிலி ஆண்டின் நினைவாகப் பங்கில் பல நற்பணிகள் திட்டமிடப்படுகின்றன. அவற்றோடு, வாரம் இரு மாலைகள் ஓர் அறையும் விளக்கும் எங்களைப் போன்றோர்க்குத் தாருங்கள். தேர்வு நாட்களில் எங்கள் பிள்ளைகளை மாதர் சங்கத்தார் முறைவைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். செலவு அதிகமில்லை. அவளும் வரும் தேர்வை எழுதுவாள். அவளுக்குப் பின் பத்துப் பேர் எழுதுவார்கள். அப்போது ‘ஆயா’ என்ற சொல்லுக்குப் பள்ளிக்கூடத்திலும் அதன் பழைய மதிப்பு திரும்பும்.