பண்ணைப் பங்கும் நகரக் குடும்பமும்

பெங்களூரு கன்டோன்மென்டைச் சேர்ந்த காக்ஸ் டவுனில் மார்கழி பிறந்துவிட்டதை நாள்காட்டியைப் பார்த்து அறிய வேண்டியதில்லை. தள்ளுவண்டிகளில் அவரைக்காய் குவிந்திருக்கும். காயிலிருந்து உரித்த அவரைப்பருப்பை இரவில் நீரில் ஊறவைத்து, காலையில் ஒவ்வொன்றாகப் பிதுக்கிச் சமைக்கும் பிதுக்குபருப்புக் குழம்பு இப்பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்கும் கன்னடக் குடும்பங்களுக்கும் பொதுவான உணவு. மழைக்காலத் தொடக்கத்தில் கேழ்வரகுடன் ஊடுபயிராக விதைக்கப்படும் நாட்டு அவரை, பகற்பொழுது குறுகிய பின்னரே பூக்கும் இயல்புடையது. ஆதலால் மார்கழி, தை மாதங்களில்தான் அது காய்க்கும். பெங்களூரு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பகற்பொழுதின் நீளத்தைச் சாராமல் ஆண்டு முழுவதும் காய்க்கும் ‘ஹெப்பாள் அவரை’ வகைகளை உருவாக்கித் தந்தது. அது பாராட்டத்தக்க சாதனை. எனினும் பனி படிந்த நாட்டு அவரையின் மணத்தை நாடும் இல்லத்தரசிகள் இன்றும் மார்கழிக்குத்தான் காத்திருக்கின்றனர்.

பருவத்தின் சுவையை நகரத்தார் துய்க்கின்றனர். பருவம் பொய்க்கும்போது ஏற்படும் இழப்பைச் சுமப்பவர் யார்? இந்த உரை ஆராய முற்படும் வினா இதுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியதன் பின்னர், நெருக்கடி மிகுந்த கன்டோன்மென்டை விரிவுபடுத்தும் பணி நடைபெற்றது. அவ்வாறு உருவான குடியிருப்புகளுள் ஒன்று, கலெக்டராக இருந்த காக்ஸ் என்பவரின் பெயரைத் தாங்கிய இப்பகுதி. பானஸ்வாடி, லிங்கராஜபுரம், கம்மனஹள்ளி ஆகியவை அன்று தனித்தனிக் கிராமங்கள். ஏரிப் பாசனத்தில் காய்கறியும் கீரையும் பயிரிட்டு நகருக்கு அளித்தவர்களுள் திகளர் என்னும் தோட்டக்காரச் சமூகத்தார் குறிப்பிடத்தக்கவர்கள். தமிழ்நாட்டு வேர்களைக் கொண்ட இச்சமூகத்தார் லால்பாக் தோட்டப் பணியிலும் தொன்றுதொட்டு ஈடுபட்டவர்கள். பெங்களூருக் கரகத் திருவிழாவை நடத்துபவர்களும் இவர்களே. காலையில் பறித்த கீரை நண்பகலுக்குள் சமையலறையை அடைந்த காலம் அது. உண்பவரும் விளைவிப்பவரும் ஒருவரையொருவர் முகமறிந்திருந்தனர். இன்று அந்தத் தோட்டங்கள் நின்ற இடங்களில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. காய்கறி கோலாரிலிருந்தும் சிக்கபள்ளாப்பூரிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வருகின்றது.

தொலைவு கூடக்கூட இடையில் நிற்கும் கைகளும் கூடுகின்றன. 2024ஆம் ஆண்டில் வெளியான ரிசர்வ் வங்கியின் ஆய்வுக் கட்டுரையொன்று, நுகர்வோர் செலுத்தும் ஒரு ரூபாயில் உழவருக்குச் சேரும் பங்கு தக்காளியில் ஏறத்தாழ 33 காசு, வெங்காயத்தில் 36 காசு, உருளைக்கிழங்கில் 37 காசு என்று மதிப்பிட்டுள்ளது. எஞ்சியது முழுவதும் இடைத்தரகரின் கொள்ளை என்று கூறிவிடுவது எளிது. ஆனால் அது உண்மையாகாது. ஏற்றுகூலி, வண்டிச் சத்தம், அழுகிக் கழியும் சரக்கு, கடை வாடகை, கடன் வட்டி ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். உழவரின் பங்கு குறைவாக இருப்பதைக் காட்டிலும் அது நிலையற்றதாக இருப்பதே பெரிய தொல்லை. 2023ஆம் ஆண்டு ஜூலையில் பல நகரங்களில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அதே தக்காளி வேறு மாதங்களில் பறிகூலிக்கும் கட்டுப்படியாகாமல் சாலையோரத்தில் கொட்டப்படுவதை இந்நாடு மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறது. விதைக்கும் நாளில் அறுவடை நாளின் விலை தெரியாது. விதைப்பதற்கு வேண்டிய பணத்தை மண்டிக்காரரிடமே கடனாகப் பெற்றிருந்தால், விளைந்ததை அவரிடமே கொடுத்தாக வேண்டும்.

இந்நிலையை மாற்றக் கருநாடகத்தில் எடுக்கப்பட்ட முயற்சிகளுள் முன்னோடியானது ‘ஹாப்காம்ஸ்’ கூட்டுறவுச் சங்கம். தோட்டக்கலைத் துறையை நடத்திய டாக்டர் எம். எச். மரிகௌடாவின் முயற்சியால், 1959ஆம் ஆண்டில் திராட்சை பயிரிடுவோர் சங்கமாக அது தொடங்கியது. பின்னர் எல்லாக் காய்கனிகளையும் கையாளும் அமைப்பாக வளர்ந்தது. சரியான எடை, அன்றைய விலையைக் கரும்பலகையில் எழுதிவைக்கும் ஒழுங்கு, தெருமுனையில் சிறு கடை என்ற மூன்றையும் அது நகரத்திற்குப் பழக்கியது. இச்சாதனையைக் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும் ஹாப்காம்ஸ் விளைந்த பொருளை வாங்குகிறது; விளையாமற்போனால் அதற்கு எந்தப் பொறுப்பும் இல்லை. எந்த வணிக அமைப்புக்கும் இல்லாத பொறுப்பு அது.

அந்தப் பொறுப்பில் நுகர்வோரையே பங்குகொள்ளச் செய்யும் முறைதான் பண்ணைப் பங்கு. சமூக ஆதரவு வேளாண்மை என்றும் இதனை அழைப்பர். பருவத் தொடக்கத்தில் குடும்பங்கள் ஒரு தொகையைப் பண்ணைக்குச் செலுத்துகின்றன. பருவம் முழுவதும், வாரந்தோறும், அந்த வாரம் விளைந்தது எதுவோ அதில் தம் பங்கைப் பெறுகின்றன. ஜப்பானில் 1971ஆம் ஆண்டில் அமைந்த இயற்கை வேளாண்மைச் சங்கம் ‘தெய்க்கெய்’ என்ற பெயரில் இதனைப் பரப்பியது. மினமாட்டாவில் ஆலைக்கழிவின் பாதரசம் மீனின் வழியே மக்களை நோயாளிகளாக்கிய துயரம் மனத்தில் பதிந்திருந்த காலம் அது. தம் உணவு எங்கிருந்து வருகிறது என்பதை அறிய அந்நாட்டுத் தாய்மார்கள் விரும்பினர். 1978ஆம் ஆண்டில் அச்சங்கம் இம்முறைக்குப் பத்து நெறிகளை வகுத்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் 1980களின் நடுவில் இரு பண்ணைகள் இதனைத் தொடங்கின.

பொருளியல் மாணவர்கள் இதனைப் புதுமை எனக் கருத வேண்டியதில்லை. தமிழக நிலவுடைமை முறையில் வாரம், குத்தகை என்னும் இரண்டும் அவர்கள் அறிந்தவையே. குத்தகையில் பயிரிடுபவர் நிலவுடைமையாளருக்கு நிலையான அளவு கொடுத்துவிட வேண்டும். விளைச்சல் குறைந்தால் இழப்பு முழுவதும் அவருடையது. வாரத்தில் விளைந்ததை இருவரும் பகிர்வதால் இழப்பும் பகிரப்படுகிறது. பண்ணைப் பங்கு இவ்விரண்டையும் தலைகீழாக்குகிறது. நிலையான தொகையைச் செலுத்துபவர் நகரக் குடும்பத்தார்; கூடக் குறைய விளைந்ததைப் பெறுபவரும் அவரே. நிலையான வருவாய் பயிரிடுபவருக்குச் செல்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். காக்ஸ் டவுனில் 60 குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, வாரத்திற்கு 500 ரூபாய் வீதம் 16 வாரங்களுக்கு ஒரு பண்ணையுடன் உடன்பாடு செய்துகொள்வதாகக் கொள்வோம். ஒரு குடும்பம் செலுத்துவது 8,000 ரூபாய். மொத்தம் 4,80,000 ரூபாய். பாதித் தொகை விதைப்புக்கு முன்பே கிடைத்தால், 2,40,000 ரூபாய் நடைமுறை மூலதனம் வட்டியின்றிப் பண்ணையை அடைகிறது. உழவர் கடன் அட்டையில் உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துவோருக்கு நிகர வட்டி 4 சதவீதமே என்பது உண்மைதான். ஆனால் அக்கடன் வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுவோருக்கு எளிதில் கிட்டுவதில்லை என்பதை வங்கி அலுவலர்கள் அறிவர். இனி, பெருமழையால் விளைச்சலில் ஐந்தில் ஒரு பகுதி அழிந்துவிட்டதாகக் கொள்வோம். தனி ஒருவரின் தலையில் விழுந்திருக்க வேண்டிய 96,000 ரூபாய் இழப்பு, குடும்பத்திற்கு 1,600 ரூபாயாகப் பிரிந்து, நான்கு மாதங்களில் பரவிவிடுகிறது. ஒரு சிற்றுழவரைக் கடனாளியாக்கக்கூடிய தொகை, நடுத்தரக் குடும்பம் ஒன்றுக்கு ஒரு வாரத்தில் இரண்டு காய் குறைந்ததாகவே தோன்றும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மழை கெட்ட ஆண்டில் பெட்டி சுருங்கும். அதே வேளையில் கடைவிலையும் ஏறியிருக்கும். எனவே பங்குதாரருக்கு இரட்டை இழப்பு. பண்ணையாரும் ஒன்றை விட்டுக்கொடுக்கிறார். 2023ஆம் ஆண்டின் தக்காளி விலை போன்ற எதிர்பாராத ஆதாயம் அவருக்கு இல்லை. அத்தகைய மாதத்தில் மண்டிக்கு வண்டியைத் திருப்பாமல் பங்குதாரர் வாசலுக்கே கொண்டுவரும் பண்ணையார்தான் இம்முறையைக் காப்பாற்றுபவர். உடன்படிக்கைத் தாள் மட்டும் இதற்குப் போதாது. அதனால்தான் இது நீண்டநாள் பழக்கம் உள்ளவர்களிடையே நிலைக்கிறது; விளம்பரத்தால் சேர்ந்த கூட்டத்தில் ஒரு பருவத்தோடு கலைந்துவிடுகிறது.

கூட்டம் கலைவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது முள்ளங்கி. கடையில் வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்கிறார். பண்ணைப் பங்கில் நிலம் தேர்ந்தெடுக்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டின் நன்மையையும் பெறும் பெங்களூருச் சுற்றுவட்டாரத்தில் விளையாத காய்கறி மிகக் குறைவு. பீன்ஸ், நூல்கோல், பீட்ரூட், தமிழ்நாட்டார் ‘பெங்களூர் கத்தரிக்காய்’ என்றே பெயரிட்டுவிட்ட சௌசௌ ஆகியவை இங்கு நன்கு விளைகின்றன. கோடையில் ராமநகரம், கோலார் பகுதிகளின் மாம்பழமும், கார்த்திகையில் பசவனகுடி கடலைக்காய்த் திருவிழாவுக்கு வந்து குவியும் நிலக்கடலையும் பருவத்தின் அடையாளங்கள். இவ்வளவு வளம் இருந்தும், தொடர்ந்து மூன்று வாரம் முள்ளங்கியோ சௌசௌவோ வந்தால் இல்லத்தில் முணுமுணுப்பு எழுவது இயல்பே. முந்திய தலைமுறையினர் மலிந்த காலத்தில் வற்றல் போட்டனர், ஊறுகாய் இட்டனர், தண்டையும் இலையையும் கூட்டாக்கினர். முள்ளங்கிக் கீரையைப் பருப்புடன் கடைந்து உண்பது சிக்கனம் மட்டுமன்று, சுவையும்கூட. பங்குமுறையில் சேர்ந்த குடும்பம் இந்தச் சமையல் அறிவை மீண்டும் பெறுகிறது; பெற மனமில்லாத குடும்பம் விலகிவிடுகிறது. விலகுபவரைக் குறைகூறுவதில் பயனில்லை. ஆண், பெண் இருவரும் அலுவலகம் செல்லும் வீட்டில் கீரை ஆய்வதற்கு நேரம் எங்கே?

பெங்களூரில் இன்று வாராந்தரக் காய்கறிப் பெட்டியை வீட்டுக்கு அனுப்பும் நிறுவனங்கள் பல. அவையெல்லாம் பண்ணைப் பங்கு ஆகிவிடா. இவற்றைப் பிரித்தறிய ஒரே கேள்வி போதும்: பயிர் அழிந்தால் பணம் யாருக்குப் போகிறது? ஓரிடத்தில் சரக்கு இல்லையெனில் வேறிடத்தில் வாங்கிப் பெட்டியை நிரப்பும் நிறுவனம் நல்ல கடையாக இருக்கலாம். ஆனால் பயிர் இழந்த உழவர் பழைய நிலையில்தான் இருக்கிறார். 2017ஆம் ஆண்டில் இந்நகரில் தொடங்கிய ‘ஃபார்மிசென்’ நிறுவனத்தின் திட்டம் பங்குமுறைக்கு நெருங்கியது. 600 சதுர அடி நிலத்துண்டைச் சந்தாதாரர் மாத வாடகைக்கு எடுத்துக்கொள்ள, அதில் உழவர் பயிரிட்டு விளைபொருளை அனுப்பினார். வாடகையில் ஒரு பகுதி உழவருக்கு உறுதியான வருவாயாகச் சென்றது. 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தின்போது சந்தைக்குச் செல்ல இயலாத உழவர்களிடமிருந்து திராட்சையையும் காய்கறியையும் நகரின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நேரடியாக மொத்தமாக வாங்கியதும் நினைவுகூரத்தக்கது. ஆயினும் அது நெருக்கடி நேரத்து நேரடிக் கொள்முதல். முன்பணம் அதில் இல்லை.

இம்முறை பரவினால் யார் பாதிக்கப்படுவர் என்பதையும் திட்டமிடுவோர் கேட்டாக வேண்டும். காக்ஸ் டவுன் தெருக்களில் கூடையுடன் வரும் கீரைக்கார அம்மாளும் தள்ளுவண்டிக்காரரும் அன்றாட முதலைக் கந்துவட்டிக்கு வாங்கிப் பிழைப்பவர்கள். நிலையான மாத ஊதியம் பெறும் குடும்பங்கள்தாம் அவர்களுடைய நல்ல வாடிக்கையாளர். அக்குடும்பங்கள் பெட்டிக்கு மாறினால் இவர்களின் வண்டி காலியாகும். மேலும் 4,000 ரூபாயை முன்கூட்டிச் செலுத்த இயலாத குடும்பம், பருவக்காயை இவர்களிடம்தான் அரைக்கிலோவாக, சில வேளைகளில் கடனாகவும், வாங்க முடிகிறது. பெட்டியால் முடியாத தொண்டு அது. பங்குப் பெட்டிகளைத் தெருவில் பகிர்ந்தளிக்கும் பணியை, பெட்டிக்கு இவ்வளவு என்ற கூலியுடன், இவர்களிடமே ஒப்படைக்கலாம். பங்குதாரர் வேண்டாமென்று விடும் காயை இவர்களே விற்கவும் செய்யலாம். செல்பேசிச் செயலியும் விநியோக இளைஞரும் வந்துவிட்ட காலத்தில் இது பழமையாகத் தோன்றலாம். ஆனால் தெருவில் எந்த வீட்டார் எதை உண்பர் என்பதை இவர்களைவிட நன்கறிந்தவர் இல்லை.

அமைப்பு முறைக்குச் சட்டத்தில் இடம் ஏற்கெனவே இருக்கிறது. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கம்பெனிச் சட்டத்தில் உற்பத்தியாளர் கம்பெனி என்னும் வடிவம் சேர்க்கப்பட்டது. 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் மத்திய அரசுத் திட்டம் 2020ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இயற்கை வேளாண்மைச் சான்றுக்குப் பெருஞ்செலவு செய்ய இயலாத சிற்றுழவர்கள், குழுவாக ஒருவர் நிலத்தை ஒருவர் பார்வையிட்டுச் சான்றளிக்கும் பங்கேற்பு உத்தரவாத முறையும் நடைமுறையில் உள்ளது. ஒரே பண்ணை இருபது வகைக் காய்களைத் தொடர்ச்சியாக விதைத்து ஒவ்வொரு வாரமும் பெட்டியை நிரப்புவது அரிய திறமை. எல்லாரிடமும் அதனை எதிர்பார்க்க இயலாது. பத்து உழவர்கள் ஆளுக்கு இரண்டு மூன்று பயிராகப் பிரித்துக்கொண்டால் அது கைகூடும். உற்பத்தியாளர் அமைப்பு இங்குதான் பயன்படும். தானியத்திற்கு இம்முறை அவ்வளவாகத் தேவையில்லை. இரண்டு நாளில் வாடிவிடும் காய்க்கும் கீரைக்குமே இது ஏற்றது.

சோதனையாகத் தொடங்க விரும்பும் அமைப்பு, கோடையைத் தவிர்த்து ஆடி மாதத்தில் பணம் திரட்டுவது நல்லது. பீன்ஸும் நூல்கோலும் முள்ளங்கியும் புரட்டாசியிலேயே பெட்டியில் ஏறும். கேழ்வரகுக்கு நடுவே ஊன்றிய அவரை மார்கழியில் வரும். பதினாறாவது வாரம் அதற்கு முன்பே முடிந்துவிடாதபடி உடன்பாட்டின் கடைசி நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும்.