ஒரு நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதியோர் உடல்நலம் பற்றிப் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். பெரிய தலைப்பு. தினமும் நடக்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் காலையில் காபிக்கு முன்பே நம் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடுகிறது. அதனால் நான் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் ஒருவருக்கு மூச்சு சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் போனதும் ஒரு நர்ஸ் பார்ப்பதில் பெரும்பகுதியை நீங்களும் பார்க்கலாம். நொடிமுள் ஓடும் கடிகாரம் ஒன்று போதும்.

நம் குடியிருப்பில் எத்தனையோ வீடுகளில் பெரியவர்கள் இருவர் மட்டும்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ. இரவு இரண்டு மணிக்கு அவருக்கு ஒரு மாதிரி இருக்கிறது. இப்போதே ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதா, விடியட்டும் என்று காத்திருப்பதா? அதை முடிவு செய்ய வேண்டியவர் எழுபது வயது மனைவி. எனக்கும் அப்படிப் போன் வரும். "சிஸ்டர், ரெண்டு நாளா கொஞ்சம் மூச்சு வாங்குது" என்பார்கள். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்பதுதான் கேள்வி. அதை எண்ணிப் பார்த்துச் சொல்ல முடியும்.

நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். நெஞ்சோ வயிறோ ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒன்று. எண்ணப் போகிறேன் என்று அவரிடம் சொல்லக் கூடாது. சொன்னால் போட்டோவுக்கு நிற்பவர் போல மூச்சு மாறிவிடும். நாங்கள் நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மட்டும் நெஞ்சில் வைத்திருப்போம். நீங்கள் டிவி பார்ப்பது போல உட்கார்ந்து எண்ணுங்கள். போர்வை கனமாக இருந்தால் விலக்குங்கள். படியேறி வந்த உடனே, சாப்பிட்ட உடனே எண்ண வேண்டாம். பத்து நிமிடம் போகட்டும். முழு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சு தவறினாலும் கணக்கில் நான்கு தவறும்.

நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல் எல்லாவற்றுக்கும் கருவி வந்துவிட்டது. மூச்சை மட்டும் இன்னும் ஆள்தான் நின்று எண்ண வேண்டியிருக்கிறது. அதனாலேயே அதை அலட்சியப்படுத்துகிறோம். ஆஸ்பத்திரி சார்ட்டில் வரிசையாக எல்லாக் கட்டிலுக்கும் 20, 20 என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், யாரும் எண்ணவில்லை என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டுப் பெரியவர் ஆஸ்பத்திரியில் இருந்தால் "மூச்சு எத்தனை சிஸ்டர்?" என்று கேட்கலாம், தவறில்லை. உடம்பு மோசமாகும்போது முதலில் மாறுவதில் இந்த எண்ணும் ஒன்று. பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தது. நோயாளி மோசமாகிறாரா என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க நர்ஸ்கள் பயன்படுத்துவது அது. அந்த அட்டவணையில் முதல் வரியே மூச்சு எண்ணிக்கைதான். 21-ஐத் தொட்டாலே மதிப்பெண் ஏற ஆரம்பிக்கும். 25 ஆனால் அந்த ஒரு காரணத்துக்காகவே டாக்டர் உடனே வந்து பார்க்க வேண்டும். 8-க்கோ அதற்குக் கீழேயோ இறங்கினாலும் அதே அவசரம்தான். தூக்க மாத்திரையோ கடுமையான வலி மாத்திரையோ அளவுக்கு மீறிப் போனால் அப்படி இறங்கும். "நல்லா தூங்குறார், எழுப்ப வேண்டாம்" என்று விட்டுவிடுவது அங்கேதான் ஆபத்து.

எண் மட்டும் போதாது. அறைக்குள் நுழையும்போதே சில விஷயங்கள் கண்ணில் படும். அவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார்? இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி முன்னால் சாய்ந்திருந்தால், மூச்சுக்காக உடம்பு முழுவதும் உழைக்கிறது என்று பொருள். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறதா, ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக் குழி உள்ளே போகிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா என்று பாருங்கள். பிறகு பேச்சுக் கொடுங்கள். "மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். "சாதமும் வத்தக்குழம்பும், கொஞ்சம் அப்பளமும்" என்று ஒரே மூச்சில் வந்தால் நேரம் இருக்கிறது. "சாதம்..." என்று நிறுத்தி மூச்சு இழுத்து "...குழம்பு" என்றால் உடனே போனை எடுங்கள். நம் தோல் நிறத்தில் நீலம் பாய்ந்திருப்பது முகத்தில் தெரியாது. நாக்கையும் உதட்டின் உள்பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

ஆஸ்துமாக்காரர் வீட்டில் இருந்தால் இதைக் கவனியுங்கள். இளைப்பு வந்து நெஞ்சில் விசில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, திடீரென்று சத்தம் நின்றுவிட்டது. ஆளும் சோர்ந்து, பேசாமல் கண்ணை மூடிக்கொள்கிறார். "அடங்கிடுச்சு" என்று நினைக்காதீர்கள். விசில் வருவதற்குக் கூடக் காற்று போகவில்லை என்பதாக இருக்கலாம். வார்டில் எங்களை ஓட வைப்பது அந்த அமைதிதான்.

மூச்சு வாங்கினாலே சளி, நுரையீரல் என்று நினைக்கிறோம். எப்போதும் அப்படியில்லை. ஒரு தலையணை வைத்துப் படுத்தவர் இப்போது மூன்று வைக்கிறார், நடுராத்திரி எழுந்து ஜன்னல் பக்கம் உட்காருகிறார், செருப்பு இறுக்குகிறது, கணுக்காலை அழுத்தினால் குழி விழுகிறது என்றால் இதயத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாளி, வாந்தி இருக்கிறது, இன்சுலின் விட்டுப்போயிருக்கிறது, மூச்சு ஆழமாக, வேகமாக, நிற்காமல் போகிறது என்றால் ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கலாம். அடால்ஃப் குஸ்மால் என்ற ஜெர்மன் மருத்துவர் 1874-இல் விவரித்த மூச்சு அது. இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கிறோம். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் சத்தம் சுத்தமாக இருக்கும், ஆனால் ஆள் ஆபத்தில் இருப்பார். வயதானவர்களுக்கு நிமோனியா வந்தால் காய்ச்சலே இல்லாமலும் போகலாம். திடீரென்று பேச்சு குழம்புகிறது, சாப்பாடு வேண்டாம் என்கிறார், மூச்சு 26. வயசாகிவிட்டது என்று இதை ஒதுக்காதீர்கள்.

இனி பல்ஸ் ஆக்ஸிமீட்டர். 2021-இல் அலைந்து திரிந்து வாங்கினோம். இப்போது பலர் வீட்டு டிராயரில் பேட்டரி கசிந்து கிடக்கிறது. நல்ல கருவிதான், மூச்சு முட்டுவதே தெரியாமல் ஆக்சிஜன் இறங்கியவர்களை அப்போது காட்டிக்கொடுத்தது அதுதான். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. விரல் சில்லென்று இருந்தாலும், கை நடுங்கினாலும், நெயில் பாலிஷ் இருந்தாலும் தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, அசையாமல் வைத்து, எண் ஓர் இடத்தில் நிற்கும்வரை பொறுங்கள். கறுத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு எச்சரித்தது. எனவே 95 காட்டுகிறது, ஆனால் மூச்சு 28, ஆள் திணறுகிறார் என்றால் ஆளை நம்புங்கள்.

அது ஏமாறும் இன்னொரு இடம் நம் பாத்ரூம். சில வீடுகளில் இன்னும் கேஸ் கீசர் உள்ளேயே மாட்டியிருக்கிறது. கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு குளித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அது ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆள் மயங்கிக் கிடக்கும்போதும் 98 என்று காட்டும். வாசனையும் கிடையாது. அந்தக் கீசரை வெளியே மாற்றச் சொல்லிச் சங்கம் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்று தலைவரை இங்கேயே கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு: பல வருடம் புகைபிடித்து நுரையீரல் கெட்டவர்களில் சிலருக்கு 88 முதல் 92 வரை இருந்தாலே போதும் என்று டாக்டர் சொல்லியிருப்பார். எண் குறைவாக இருக்கிறதே என்று பாசத்தில் குமிழைத் திருகிக் கூட்டாதீர்கள். ஆக்சிஜன் அதிகமானால் அவர்களுக்குக் கரியமிலவாயு தேங்கி மயக்கம் வரலாம்.

குழந்தைகளுக்குக் கணக்கு வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. சளி இருமலோடு எண்ணிக்கை இதைத் தொட்டால் வேகம், டாக்டரிடம் போக வேண்டும். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணக் கூடாது. சட்டையைத் தூக்கிப் பாருங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால், எண் என்னவாக இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். பாட்டிமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, திணறும் குழந்தைக்கு ஆவி பிடிக்க வைப்பதால் ஒரு நன்மையும் இல்லை. கொதிக்கும் தண்ணீர் கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூச்சுத் திணறும்போது என்ன செய்வது? படுக்க வைக்காதீர்கள். உட்கார வைத்து, முன்னால் தலையணையோ மேசையோ போட்டுச் சாய்ந்துகொள்ளச் சொல்லுங்கள். இன்ஹேலர் உள்ளவர் என்றால் ஸ்பேசரோடு, டாக்டர் எழுதித் தந்தபடி கொடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மூன்று பிளாட் ஆட்களும் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்ல வேண்டாம். பக்கத்து வீட்டு நெபுலைசர் மாஸ்க்கைக் கடன் வாங்கும் வழக்கம் நம் பிளாக்கில் இருக்கிறது. மெஷினைக் கொடுங்கள், மாஸ்க்கும் குழாயும் அவரவருக்குத் தனி.

108-ஐக் கூப்பிட்டால் "சீரியஸ், சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொல்லாமல் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "வயது 74, மூச்சு நிமிடத்துக்கு 30, ஒரு மணி நேரம் முன்பு 22, ஆக்சிஜன் 90, முழு வாக்கியம் பேச முடியவில்லை." கேட்பவருக்கு ஆள் கண்முன் தெரிவார். அந்த "ஒரு மணி நேரம் முன்பு" என்பது மிக முக்கியம். ஒற்றை எண்ணைவிட அது எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் டாக்டருக்கு வேண்டும். அதனால் உடம்பு நன்றாக இருக்கும் நாளிலேயே வீட்டுப் பெரியவரின் மூச்சை இரண்டு மூன்று நாள் எண்ணி, ஆக்ஸிமீட்டர் அளவையும் சேர்த்து, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். மாத்திரைப் பட்டியலும் அங்கேயே இருக்கட்டும்.

சங்கத்துக்கு இரண்டு கோரிக்கைகள். நம் லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது. மூச்சுத் திணறுபவரைப் படுக்க வைத்துப் படியில் தூக்கி வருவதும் சரியில்லை. கீழே ஒரு சக்கர நாற்காலி வேண்டும். இருக்கிறதே என்பீர்கள், அதன் ஒரு சக்கரம் சுற்றுவதில்லை. இரவுக் காவலருக்கு ஆம்புலன்ஸ் வந்தால் எந்தக் கேட்டைத் திறப்பது, எந்த லிஃப்டைப் பிடித்து நிறுத்துவது என்று சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

புறா விஷயத்தைத் தொடாதீர்கள், சண்டை வரும் என்று ஒருவர் எச்சரித்தார். தொடாமல் இருக்க முடியவில்லை. புறாவின் எச்சம், இறகுத் தூசி இரண்டும் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை நோயை உண்டாக்கும். நாள்பட்டால் நுரையீரல் தழும்பாகிச் சுருங்கிவிடும். தானியம் போடுவது புண்ணியம் என்று நம்புகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, ஆனால் கீழ் வீட்டு பால்கனியில் ஓர் ஆஸ்துமாக்காரர் இருக்கிறார். எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்கச் சொல்லாதீர்கள். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு கழுவ வேண்டும். வேலைக்கு வரும் அம்மாவுக்கும் அந்த மாஸ்க்கை நீங்கள்தான் வாங்கித் தர வேண்டும்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு கிளப் ஹவுஸில் இருப்பேன். இன்ஹேலர், ஸ்பேசர், ஆக்ஸிமீட்டர் எது இருந்தாலும் எடுத்து வாருங்கள், சரியாகப் பயன்படுத்துகிறீர்களா என்று பார்த்துவிடலாம். ஆக்ஸிமீட்டருக்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டு வாருங்கள். ஒருவர் மூச்சை ஒருவர் எண்ணிப் பழகுவோம். மாடி ஏறி வராதீர்கள், லிஃப்டில் வாருங்கள். இல்லாவிட்டால் எல்லோருக்கும் 24 வந்துவிடும்.