வினாத்தாளை மடித்துப் பையில் வை!



நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழா இது. எனக்குக் கொடுத்த தலைப்பு 'வாசிப்பை நேசிப்போம்'. அழைப்பிதழிலும் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. அதைப் பற்றி அடுத்த வருஷமும் பேசலாம். இன்றைக்குக் காலையில் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. உங்களில் எத்தனை பேர் வீட்டில் பிள்ளை அதை எழுதிவிட்டு வந்து, சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறது? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். அடேயப்பா, பாதிக் கூட்டம்! விழாத் தலைவர் என்னை மன்னிக்க வேண்டும். இதைப் பேசாமல் வேறு எதைப் பேசினாலும் இன்றைக்கு எனக்கு நாக்கு ஒத்துழைக்காது.

மதியம் ஒன்றேகால் மணிக்குப் பரீட்சை முடிந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி மேல்நிலைப் பள்ளி வழியாகத்தான் வந்தேன். கேட்டுக்கு வெளியே நாலைந்து பேராய்க் கூடி நிற்கிறார்கள். எல்லார் கையிலும் வினாத்தாள். ரெட்டைச் சடை போட்ட இரண்டு பிள்ளைகள் என் காதுபடப் பேசுகிறார்கள்.

"அந்த உருளை, கூம்பு, கோளம் ஒன் மார்க்குக்கு என்னடி போட்ட?"

"ஒன்னுக்கு ரெண்டுக்கு மூணு."

"ஐயய்யோ, மூணுக்கு ஒன்னுக்கு ரெண்டுடி! உருளையத்தான மொதல்ல கேட்டிருக்கு?"

அவ்வளவுதான். அந்தப் பிள்ளையின் முகம் செத்துப்போய்விட்டது. தெரியாத பிள்ளையா அது? மூன்றுக்கும் ஒரே விட்டம், ஒரே உயரம் என்றால் கூம்பு ஒரு பங்கு, கோளம் இரண்டு பங்கு, உருளை மூன்று பங்கு. எல்லாம் அதற்குத் தெரிந்திருக்கிறது. கேட்ட வரிசையை மாற்றிவிட்டது. போனது ஒரே ஒரு மார்க். ஆனால் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜியாமெட்ரி பாக்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்று அழுகிறது. "சென்டம் போச்சு, அப்பா கொன்னுடுவாங்க" என்கிறது. இங்கே இருக்கிற அப்பாக்களே, காதில் விழுந்ததா? நூற்றில் தொண்ணூற்றொன்பது எடுத்த பிள்ளை உங்களை நினைத்து நடுரோட்டில் நின்று அழுகிறது!

எனக்கு உடனே ஒரு மனிதர் ஞாபகம் வந்தார். பேரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் சொல்ல மாட்டேன். கீழத்தஞ்சையில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். பொதுத்தேர்வு முடிகிற நேரத்துக்குக் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மஞ்சள் பையோடு வந்து நிற்பார். "கொஸ்டின் பேப்பரை மடிச்சு இதுல போடு. கடைசிப் பரீட்சை முடிஞ்சு வாங்கிக்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு, ஓடு!" ஒருவன் அழுதுகொண்டே வந்தான். "சார், எட்டு மார்க் கிராஃப் போச்சு சார், பரவளையம் கோணிக்கிச்சு." அவர் கேட்டார்: "அட்டவணை போட்டியா? போட்டேன் சார். அளவுத்திட்டம் எழுதினியா? எழுதினேன் சார். புள்ளி குறிச்சியா? குறிச்சேன் சார். அப்புறம் என்னடா போச்சு? அது ஒவ்வொண்ணுக்கும் மார்க் இருக்கு, போய்ச் சாப்பிடு!"

இதைத்தான் நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கில் ஒன் மார்க் மொத்தம் 14. மீதி 86 மார்க்கும் பிள்ளை எழுதிய வரிக்கு வரி, படிக்குப் படி விழுகிற மார்க். ஜியாமெட்ரியில் உதவிப்படத்துக்குத் தனியாக, வரைந்த படத்துக்குத் தனியாக. கூட்டலில் தப்பு விட்டு, கடைசி விடை தவறாக வந்தாலும் சூத்திரம் எழுதியதற்கு மார்க் உண்டு. ரோட்டில் நின்று "உனக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டால் கடைசி வரி மட்டும்தானே தெரியும்? எழுதிய மற்ற வரிகளையெல்லாம் அங்கேயே குழிதோண்டிப் புதைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறது பிள்ளை.

பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்களை இப்படி ஆக்கியது யார்? உங்களுக்குத் தெரியும். நான் பெயர் சொல்லப் போவதில்லை. ரிசல்ட் வந்த மறுநாள் பஸ் ஸ்டாண்டை மறைத்து ஃபிளெக்ஸ் கட்டுகிறார்களே, அந்தப் பள்ளிக்கூடக்காரர்கள்தான்! மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதையே 2017-ல் அரசாங்கம் நிறுத்திவிட்டது. பிள்ளைகளின் மனசு நோகக் கூடாது என்று நிறுத்தியது. இவர்கள் நிறுத்தினார்களா? 2018-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்களே, எதனால்? பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்த ஆட்களால்! ஃபிளெக்ஸில் சென்டம் எடுத்த முகங்களைப் போடுகிறாயே, கணக்கு வராது என்று ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்து அனுப்பினாயே, அந்த முகங்களை எந்த ஃபிளெக்ஸில் போடுவாய்?

கை தட்டுகிறீர்கள். தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள், அவர்கள் காதில் விழட்டும். ஆனால் டி.சி. வாங்கிய அந்தப் பிள்ளைகள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் தெரியுமா? அந்த மஞ்சள் பைக்காரரிடம்! அவர் சென்டம் பேச மாட்டார். முப்பத்தைந்து பேசுவார். கரும்பலகையில் முதலில் 16 என்று எழுதுவார். "ஜியாமெட்ரி எட்டு, கிராஃப் எட்டு. பதினாறு உன் கையில இருக்கு. பாஸாக இன்னும் பத்தொன்பதுதான். அதை நாம சேர்ந்து தேடுவோம்." சாயங்காலம் ஆறு மணிவரை உட்கார்ந்து தேடுவார். அந்தப் பையன்களில் ஒருவன் இன்றைக்கு மின்வாரியத்தில் இருக்கிறான். புயல் அடித்த ராத்திரியில் நம் தெருவுக்கு விளக்கு வரவேண்டும் என்று கம்பத்தில் ஏறுகிறவன் அவன். அவன் படம் எந்த ஃபிளெக்ஸிலும் வந்ததில்லை.

கணக்கு என்றால் மேடையில் உடனே ராமானுஜனை இழுப்பார்கள். கும்பகோணத்தில் மற்ற பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்தார், பிறகு 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார் என்பார்கள். உண்மைதான். ஆனால் கோடியில் ஒருவரைக் காட்டி அழுகிற பிள்ளையைத் தேற்ற முடியாது. அதற்குத் தேவை, "போய்ச் சாப்பிடு" என்கிற ஒரு வாய். பரீட்சை எழுதிய பிள்ளையிடம் வீட்டில் நாம் கேட்கிற முதல் கேள்வி என்ன? "எவ்வளவு வரும்?" நூற்றுக்குத் தொண்ணூறு வீட்டில் இதுதான். தம்ளர் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் இதுதான்! மார்க் என்ன அவ்வளவு பெரிய விஷயமா? 2020-ல் கொரோனா வந்தபோது பத்தாம் வகுப்புக்குப் பரீட்சையே நடக்கவில்லை. காலாண்டு, அரையாண்டு மார்க்குக்கு 80 சதவீதம், வருகைப்பதிவுக்கு 20 சதவீதம் என்று போட்டு எல்லோரையும் பாஸாக்கினார்கள். அந்தப் பிள்ளைகள் இன்றைக்கு வேலைக்குப் போகிறார்கள், காலேஜில் படிக்கிறார்கள். யார் கெட்டுப்போனார்கள்?

அடுத்து அறிவியல் இருக்கிறது, சமூக அறிவியல் இருக்கிறது. போன ஒரு மார்க்கை நினைத்து இன்றைக்கு ராத்திரி தூங்காத பிள்ளை, நாளைக்கு அறிவியலைத் திறந்து வைத்துக்கொண்டு இந்தக் கூம்பையும் கோளத்தையும்தான் பார்க்கும். ஒன்று போனதுக்காக இன்னும் பத்தைத் தொலைக்கும். இதை நான் கண்ணால் பார்த்தவன்.

ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் பேப்பரைப் பிரிக்க எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தாய்மார்களே, 104 என்று ஒரு நம்பர் இருக்கிறது. ராத்திரி எந்நேரம் ஆனாலும் கூப்பிடலாம், மனம் உடைந்த பிள்ளையிடம் பேச ஆள் இருக்கிறார்கள். அதை அடுப்படிச் சுவரில் எழுதிவையுங்கள். தவறினால் அதே வருஷம் துணைத்தேர்வு இருக்கிறது, எழுதிப் பாஸாகி மற்றவர்களோடேயே மேலே படிக்கப் போகலாம். பிளஸ் டூ பிள்ளைகள் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்கலாம், மறுகூட்டல் கேட்கலாம். இதையெல்லாம் ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே, இன்றைக்கே, பிள்ளையை எழுப்பி உட்கார வைத்துச் சொல்லுங்கள். "எவ்வளவு எடுத்தாலும் நீ என் பிள்ளை" என்பதையும் வாய்விட்டே சொல்லுங்கள். மனசுக்குள் வைத்திருந்தால் அதற்கு எப்படித் தெரியும்?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன். இந்த வாசகர் வட்டத்திடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். அறிவியல் பரீட்சை அன்றைக்கு ஒன்றேகால் மணிக்குப் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே பையோடு நான் நிற்கப் போகிறேன். கொடுக்கிற பிள்ளையிடம் வினாத்தாளை வாங்கி, பேர் எழுதி வைத்து, கடைசிப் பரீட்சை அன்றைக்குத் திருப்பிக் கொடுப்போம். யாரிடமும் வற்புறுத்தி வாங்க வேண்டாம். ஒரு பானை மோரும் நாலு தம்ளரும் வேண்டும். என்னோடு நிற்க இன்னும் நாலு பேர் வேண்டும். வருகிறவர்கள் கூட்டம் கலைவதற்கு முன்னால் செயலாளரிடம் பேர் கொடுத்துவிட்டுப் போங்கள்.